வீட்டுப் பட்டறை: தேங்காய் மெழுகுக்கு ஒரு துணை வேண்டும்!

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விஷயம் என்னவோ மெழுகைப் பற்றியதுதான். ஆனால் படித்து முடித்தபோது மனசு கனத்துப் போய்விட்டது. அவர் எழுதியதையே கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாலு காசு சம்பாதிக்கலாம் என்று ஆரம்பித்தேன். திருநெல்வேலியில் என் நாத்தனாரின் சிநேகிதி வீட்டு வளைகாப்புக்கு, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க அறுபது வாசனை மெழுகு வில்லைகள் கேட்டார்கள். தேங்காய் மெழுகு வாங்கி உருக்கி, மல்லிகை வாசனை சேர்த்து, ரோஜாப்பூ அச்சில் ஊற்றி, மே மாதம் பார்சல் போட்டேன். போய்ச் சேர்ந்தபோது அறுபது ரோஜாவும் ஒரே கட்டியாக இருந்ததாம்! கூடவே நாத்தனாருக்கு வைத்திருந்த ரவிக்கைத் துணியும் எண்ணெய் குடித்துப் பாழ். வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?' என்கிறார்கள் வீட்டில். மெழுகில் தப்பா, என் கையில் தப்பா? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்."

சகோதரி, உங்கள் கையில் தப்பே இல்லை. மெழுகின் மேலும் பழி போடுவதற்கில்லை. அதன் சுபாவம் அப்படி. தேங்காய் மெழுகு தனியாக நிற்காது. அதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணையை எவ்வளவு சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்த இதழின் பாடம்.

முதலில், இதைக் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மெழுகு வில்லை என்பது திரி இல்லாத மெழுகு. பர்ஃபித் துண்டு மாதிரி சின்னதாக இருக்கும். அடியில் சின்ன விளக்கு எரியும் அரோமா விளக்கின் கிண்ணத்திலோ, மின்சாரத்தில் சூடேறும் தட்டிலோ ஒரு வில்லையைப் போட்டால் மெல்ல உருகி, அறை முழுவதும் வாசனை பரவும். ஊதுபத்தி மாதிரி புகையோ சாம்பலோ வராது. வாசனை தீர்ந்த பிறகும் மெழுகு அப்படியே கிண்ணத்தில் நிற்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இளகுகிறது?

மார்கழி மாதக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக உறைந்து நிற்கும். வெயிலில் வைத்தால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். ஏறக்குறைய 24 டிகிரிதான் அதன் எல்லை. (இந்தக் கட்டுரையில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.)

இந்த எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவை ஏற்றிக் கெட்டியாக்கினால் கிடைப்பது தேங்காய் மெழுகு. வனஸ்பதி தயாராகும் அதே முறைதான். ஆனால் மற்ற எண்ணெய்கள் கெட்டிப்படுகிற அளவுக்குத் தேங்காய் எண்ணெய் கெட்டிப்படாது. காரணம், அதிலுள்ள கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இயற்கையிலேயே நிறைவுற்ற கொழுப்பு. மேற்கொண்டு ஹைட்ரஜன் ஏறுவதற்கு அதில் இடம் கொஞ்சம்தான். தவிர, அதில் பாதிக்குப் பாதி இருப்பது லாரிக் அமிலம். 12 கார்பன் அணுக்கள் கோத்த குட்டைச் சங்கிலி அது. சங்கிலி குட்டையாக இருந்தால் சீக்கிரம் உருகும். சோயா எண்ணெயில் பெரும்பாலும் 18 கார்பன் கொண்ட நீளச் சங்கிலி. அதில் ஹைட்ரஜனும் நிறைய ஏறும். அதனால்தான் முழுக்கக் கெட்டியாக்கிய சோயா கிட்டத்தட்ட 70 டிகிரி வரை தாங்குகிறது. முழுக்கக் கெட்டியாக்கிய தேங்காய் எண்ணெயோ 36-லிருந்து 40 டிகிரிக்குள் உருகிவிடுகிறது.

கத்திரி வெயிலில் திருச்சியில் நிழலிலேயே 40 டிகிரி வந்துவிடுகிறது. மூடிய பார்சல் வண்டிக்குள் கேட்கவே வேண்டாம், 50-ஐத் தாண்டும். ரோஜா கரையாமல் என்ன செய்யும், பாவம்!

"பின்னே எதுக்கு அந்த மெழுகையே கட்டிக்கொண்டு அழவேண்டும்?" என்று கேட்பீர்கள். அதிலும் நல்ல குணங்கள் உண்டு. பால் போன்ற வெள்ளை நிறம், வழவழப்பான மேல்பரப்பு, மிதமான சூட்டிலேயே உருகி வாசனையை வெளியே விடும் தன்மை, எல்லாம் அதற்கு இருக்கிறது. இல்லாதது திடம் ஒன்றுதான். அதை வேறொன்றிடமிருந்து கடன் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. கடையில் "தேங்காய் மெழுகு" என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. சோயாவோ வேறு மெழுகோ ஏற்கெனவே கலந்து விற்பவையும் உண்டு. வாங்கும்போதே, "இது எத்தனை டிகிரியில் உருகும்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிப் பாருங்கள். கைச்சூட்டுக்கே வழுக்கினால் அது மிருதுவான ரகம். துணை நிறைய வேண்டும்.

யார் யார் துணை?

தேன்மெழுகு: முதல் மரியாதை இதற்குத்தான். 62-லிருந்து 64 டிகிரி வரை தாங்கும். உடையாத, கொஞ்சம் பிசுபிசுப்பான திடம் கொடுக்கும். தேனீ வளர்ப்பவர்களிடம் நேரே கேட்டால் நல்லதாகக் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு பரம்பரைத் தொழில் போல நடக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேன்மெழுகுக்கு இரண்டு குறைகள்: விலை கூடுதல், தன் சொந்த வாசனையையும் மஞ்சள் சாயலையும் விடாது. அதனால் மல்லிகை போன்ற மெல்லிய வாசனை கொஞ்சம் அமுங்கித்தான் தெரியும். வெட்டிவேர், சந்தனம், இலவங்கம் இவையெல்லாம் அதனோடு நன்றாக ஒத்துப்போகும்.

ஸ்டியரிக் அமிலம்: அமிலம் என்றதும் பயப்படாதீர்கள். கொழுப்பிலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடி அல்லது செதில்தான் இது. சோப்பு, மெழுகுவர்த்தி செய்யும் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சுத்தமான ஸ்டியரிக் 69 டிகிரியில் உருகும். கடையில் கிடைப்பது அதற்குச் சற்றுக் கீழே. நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்தாலே வில்லை 'டக்'கென்று அச்சைவிட்டு வரும். அளவு மீறினால் உதிர்ந்துபோகும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் இதைக் காய்ச்சினால் பச்சை பூத்துவிடும். எவர்சில்வர்தான் சரி.

பாரஃபின்: கடை மெழுகுவர்த்தியில் இருப்பது. பெட்ரோலியத்திலிருந்து வருவது. விலை குறைவு. 58 டிகிரிக்கு மேல் உருகும் ரகமாகக் கேட்டு வாங்கினால் தேன்மெழுகின் இடத்தில் இதைப் போடலாம். ஆனால் விற்கும்போது "முழுக்கத் தேங்காய்" என்று சீட்டு ஒட்டாதீர்கள். கலந்ததைக் கலந்தது என்று சொல்லி விற்பதுதான் நியாயம்.

மூன்று தட்டுச் சோதனை

எந்தப் புஸ்தகத்திலோ போட்டிருக்கும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர் தேசத்தில் எழுதிய அளவு நம் ஊர் மத்தியானத்துக்குச் சரிப்படாது. நான் செய்து பார்த்த மூன்று கலவைகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் 100 கிராம்.

முதல் தட்டு: தேங்காய் மெழுகு 80 கிராம், தேன்மெழுகு 20 கிராம்.
இரண்டாம் தட்டு: தேங்காய் மெழுகு 65 கிராம், தேன்மெழுகு 35 கிராம்.
மூன்றாம் தட்டு: தேங்காய் மெழுகு 50 கிராம், தேன்மெழுகு 40 கிராம், ஸ்டியரிக் அமிலம் 10 கிராம்.

மூன்றையும் ஒரு வாரம் ஆறவிட்டு, வெயில் நேரே படாத, ஆனால் வெக்கை தாக்கும் மேற்குப் பார்த்த ஜன்னல் திண்டில், தட்டுத் தட்டாக வைத்தேன். பகல் இரண்டரை மணிக்குக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். முதல் தட்டில் விரல் உள்ளே போய்விட்டது, வெண்ணெய்தான்! இரண்டாவது உருவம் கலையாமல் இருந்தாலும் மேலே முத்து முத்தாக எண்ணெய் வேர்த்திருந்தது. மூன்றாவதில் விரல் ரேகை மட்டும் லேசாகப் பதிந்தது. தட்டைக் கவிழ்த்தால் கல் மாதிரி விழுந்தது.

ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு முதல் கலவையே போதும். மார்கழி, தை மாதத்துக்கு இரண்டாவது நன்றாக உழைக்கும். பங்குனி பிறந்துவிட்டால் மூன்றாவதுதான் கதி. நீங்கள் வாங்கும் மெழுகு வேறு, உங்கள் வீட்டுச் சூடு வேறு. ஆகவே இந்தச் சோதனையை உங்கள் ஜன்னலில் நீங்களும் ஒரு தடவை செய்தே ஆகவேண்டும். விரலால் அமுக்கிப் பார்க்காத கலவையை விலைக்குக் கொடுக்காதீர்கள்.

திடம் வேண்டும் என்று அளவுக்கு மீறிப் போவதும் தப்புதான். ரொம்பக் கெட்டியாகிவிட்டால், சூடு குறைந்த மின்சாரத் தட்டில் உருகவே உருகாது. வாசனையும் உள்ளேயே அடைந்து கிடக்கும். வாங்குகிறவர் விளக்குக் கிண்ணம் வைத்திருக்கிறாரா, மின்சாரத் தட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செய்முறை

அறுபது வில்லைக்குக் கணக்குப் போடுவோம். ஒரு வில்லை 10 கிராம் என்றால் தேங்காய் மெழுகு 300 கிராம், தேன்மெழுகு 240 கிராம், ஸ்டியரிக் அமிலம் 60 கிராம். ஆக 600 கிராம் மெழுகு. வாசனை எண்ணெய் நூற்றுக்கு 6 வீதம் 36 கிராம். மொத்தம் 636 கிராம். அறுபது போக மூன்று மிஞ்சும். அந்த மூன்றும் ஜன்னல் சோதனைக்கு!

கரண்டிக் கணக்கு, டம்ளர் கணக்கெல்லாம் இதில் செல்லாது. சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று அவசியம். ஒரு சமையல் வெப்பமானியும் வேண்டும். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள்! அதன் எல்லையே 42 டிகிரிதான். கண்ணாடியாக இருந்தால் வெடித்தே போகும்.

அகலமான பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் வைத்துக் கொதிக்கவிடுங்கள். அதற்குள் சின்ன எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை இறக்குங்கள். அதில்தான் மெழுகு. நேரே அடுப்பில் மெழுகை ஒருபோதும் வைக்கக்கூடாது. இந்தப் பாத்திரத்தைத் தனியாக வைத்துவிடுங்கள். நாளைக்கு அதிலேயே ரசம் வைக்கிற வேலை வேண்டாம்.

முதலில் தேன்மெழுகைச் சீவிப் போடுங்கள். அதுதான் உருக அதிக நேரம் பிடிக்கும். அது உருகிய பிறகு ஸ்டியரிக். கடைசியில் தேங்காய் மெழுகு. எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிந்ததும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை வெளியே எடுத்து, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். சூடு 75 டிகிரி வாக்கில் இறங்கியதும் வாசனை எண்ணெயை ஊற்றி, நுரை வராமல் இரண்டு நிமிஷம் மெதுவாகக் கிளறுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வாசனை பாதி ஆவியாகிவிடும். ரொம்ப ஆறவிட்டாலோ தேன்மெழுகு ஓரங்களில் உறைய ஆரம்பித்துத் திப்பி திப்பியாகும்.

65-லிருந்து 70 டிகிரிக்குள் இருக்கும்போது உலர்ந்த சிலிக்கான் அச்சில் ஊற்றுங்கள். அச்சுக்கு நெய், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து அவசரப்படுத்தவும் வேண்டாம்; வெடிப்பு விழும், ஈரம் கோக்கும். மின்விசிறிக் காற்று படாத இடத்தில் ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மூடி வைத்தால் வாசனை மெழுகோடு நன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொண்டால், பிளம்பருக்குக் கொடுக்கும் கூலியில் உங்கள் லாபம் போய்விடும். பாத்திரம் சூடாக இருக்கும்போதே பழைய பேப்பரால் துடைத்துப் போட்டுவிடுங்கள்.

சேர்க்கக் கூடாதவை

நல்ல எண்ணத்தில் நாம் செய்யும் தப்புகள் சில உண்டு. நானே செய்ததுதான் முதலாவது.

வீட்டுத் தேங்காய் எண்ணெய்: "தேங்காய் மெழுகுதானே, நம் செக்கு எண்ணெயில் மல்லிகைப்பூவை ஊறவைத்து ஊற்றினால் என்ன?" என்று தோன்றியது. ஊற்றினேன். கிடைத்தது வில்லை இல்லை, தலைக்குத் தடவும் களிம்பு! வாசனையும் மறுநாளே போய்விட்டது. திரவ எண்ணெய் எதுவானாலும் மெழுகை இளக்கத்தான் செய்யும்.

பன்னீர்: இது தண்ணீர். மெழுகோடு சேராது. சூடான மெழுகில் விழுந்தால் தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பதுபோலத் தெறிக்கும்.

கூடுதல் வாசனை: நூறு கிராமுக்கு 6 கிராம் வாசனை போதும். "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றினால் மெழுகு தாங்காமல் வெளியே வேர்க்கும். திடமும் குறையும்.

கற்பூரம்: இதைக் கொட்டை எழுத்தில் நினைவில் வையுங்கள். பூஜை அறை வாசனை வரும் என்று கற்பூரத்தைப் பொடித்துப் போடுகிறார்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும், சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரக்கூடும். வேண்டவே வேண்டாம்.

பர்ஃபி இல்லை, கண்ணே!

வெள்ளை வெளேரென்று சதுரமாக, வாசனையாக ஒரு வில்லை கிடந்தால் இரண்டு வயசுக் குழந்தைக்கு அது என்னவாகத் தெரியும்? தேங்காய் பர்ஃபியாகத்தான். தாம்பூலப் பையில் பழத்தோடும் பட்சணத்தோடும் போட்டுக் கொடுத்தால் பெரியவர்களே ஏமாந்துபோவார்கள்! ஆகவே பர்ஃபி, மைசூர்பாகு, சாக்லேட் மாதிரி அச்சுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, "வாசனை மெழுகு. சாப்பிடக் கூடாது" என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். தப்பித்தவறிக் குழந்தை கடித்துவிட்டால், வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்து எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன வாசனை போட்டது என்கிற விவரத்தோடு டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள், கைக்குழந்தை, வாசனை பட்டாலே தலைவலி வரும் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த அறையில் ஏற்றாதீர்கள். வளைகாப்பு வீட்டுக்கு வாசனை கடுமையாக இல்லாமல் பாதி அளவு போட்டால் போதும். கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களும் கவனியுங்கள்; பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிட மிக மென்மையானது. யார் ஏற்றினாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அரோமா விளக்கில் வழக்கமாகத் தண்ணீர் ஊற்றித்தான் வாசனைச் சொட்டு விடுவோம். மெழுகு வில்லை போடும்போது தண்ணீர் கூடாது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் மெழுகு நிரப்பவும் கூடாது. விளக்கை ஏற்றிவிட்டுத் தூங்கப் போகவோ, கோயிலுக்குப் போகவோ கூடாது.

உருக்கும்போது புகை வந்தால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே அடுப்பை அணையுங்கள். தீயே பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ இன்னும் பரவும். அடுப்பை நிறுத்தி, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட்டு விலகி நில்லுங்கள். கையில் மெழுகு கொட்டிக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்து எடுக்காதீர்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டர்தான்.

பார்சலும் கணக்கும்

மூன்றாவது கலவை வீட்டு வெக்கையைத் தாங்கும். அதற்காக மே மாத மத்தியானத்தில் மூடிய வண்டிக்குள்ளேயும் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அதற்கு வேறு யோசனை இருக்கிறது. கோடைக்கு மட்டும் வில்லையாக ஊற்றாமல், மூடி போட்ட சின்ன அலுமினிய டப்பாவிலேயே ஊற்றிவிடுங்கள். வழியில் இளகினாலும் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி உறையும். வேண்டும்போது ஒரு ஸ்பூன் சுரண்டிப் போட்டுக்கொள்ளலாம். வில்லையாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ராத்திரியில் புறப்பட்டு விடிகாலையில் சேரும் பார்சலாகப் பார்த்து அனுப்புங்கள். துணிமணியோடு மட்டும் சேர்த்துக் கட்டாதீர்கள்!

பெரிய ஆர்டரை அனுப்பும் முன், அதே வழியில் நாலே நாலு வில்லையைத் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பி, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று போனில் கேளுங்கள். பார்சல் செலவு ஒன்று கூடத்தான் ஆகும். ஆனால் அறுபது வில்லை வீணாகி, அட்வான்ஸையும் திருப்பிக் கொடுப்பதைவிட அது குறைவுதானே?

விலை வைக்கும்போது மெழுகு, வாசனை இரண்டை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். காஸ், காகிதம், சீட்டு, பார்சல், சோதனைக்குப் போன மூன்று வில்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் நேரத்துக்கும் ஒரு கூலி எழுதுங்கள். பெண்கள் மறந்துவிடும் வரி அது ஒன்றுதான்.

திருச்சி சகோதரிக்கு இந்த அளவுகளை முன்னாலேயே தனியாக எழுதி அனுப்பியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. "அக்கா, நீங்கள் சொன்ன மூன்று தட்டையும் வைத்தேன். மூன்றாவதுதான் நின்றது. தட்டை மொட்டை மாடி அறையில் கொண்டுபோய் வைத்ததும், ரெண்டரை மணிக்கு மறக்காமல் எடுத்து வந்து அமுக்கிப் பார்த்ததும் அவர்தான்! 'இது நிக்குதுடி' என்றார். நாத்தனாருக்கு நாலு வில்லை அனுப்பினேன். உருவம் கலையாமல் போய்ச் சேர்ந்ததாம். ஆவணி முகூர்த்தத்துக்கு இருபது கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கூலியையும் எழுதிக்கொண்டேன்."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதியாயிற்று.